தூக்குபவர் பன்றி தரவேண்டும்

கதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்ற ஐயம் இன்னும் நீங்கவில்லை. ஆயினும் இதைப் பெரியோர் முன் வைக்கத் துணிந்தேன், பொறுத்தருள வேண்டுகிறேன். பிழைகள் என்னுடையவை. பிடிவாதம் மட்டும் செயுமாலோவினுடையது.

தென்கடலிலுள்ள சவாயி தீவின் கரையோரச் சிற்றூர் ஒன்றில் அவர் பேச்சுத் தலைவர். விருந்தினர் வந்தால் ஊர்த்திடலில் கோலூன்றி நின்று, ஊரின் சார்பில் பேசும் உரிமை அவருடையது. நிற்க இயலாதவருக்கு அவ்வுரிமை இல்லை. பக்கவாதம் அவருடைய இடப்பக்கத்தை முடக்கிற்று. நாவை மட்டும் விட்டுவைத்தது. அதுவே அவருக்குப் பெருந்துன்பமாயிற்று.

வீட்டார் அவரைத் தரையில் விடவில்லை. மருமகன்கள் இருவர் தூக்கிச் சென்றனர். மனைவி சியெனி ஊட்டிவிட்டாள். தலைவர் தம் கையால் தண்ணீர் மொண்டு குடித்தால் குடும்பத்துக்கே இழுக்கு என்பது அவ்வூர் வழக்கு.

மாவட்ட மருத்துவமனையில் ஒரு சக்கர நாற்காலியைத் தந்து அனுப்பினார்கள்.

"இதுல உக்காந்து சாவுக்குக் காத்திருக்கணுமாக்கும்," என்றார் செயுமாலோ. "என்னை நிக்க வைக்கிற டாக்டரைத் தேடு."

"எலும்பு டாக்டரா, நரம்பு டாக்டரா?" என்று கேட்டாள் சியெனி.

"ரெண்டு பேரும் பார்த்துட்டுத்தானே நாற்காலியைத் தள்ளிவிட்டாங்க."

சியெனி ஆக்லாந்திலிருந்த தங்கையிடம் தொலைபேசியில் கேட்டாள். மறுவாழ்வு மருத்துவர் என்று ஒரு வகையினர் உண்டென்று தங்கை சொன்னாள்: உடைந்ததை ஒட்டுபவர் அல்லர், எஞ்சியதைக் கொண்டு வாழப் பழக்குபவர். அத்தகைய ஒருவர் வெளிநாட்டுக் குழுவோடு தலைநகர் அப்பியாவுக்கு ஒரு வாரம் வருவதையும் அவளே விசாரித்துச் சொன்னாள்.

புறப்படும் காலையில் வைலி வந்தார். அவர் செயுமாலோவின் சிற்றப்பா மகன். பேச்சுரிமையில் அடுத்த இடத்தில் இருப்பவர்.

"அண்ணே, கப்பலேறிப் போயும் கால் வரலேன்னா? திடல்ல நான் நிக்கிறேன். நீங்க நிழல்ல உக்காந்து தப்பு கண்டுபிடிங்க."

"நீ பேசினா விருந்தாளி வந்த வண்டியிலேயே திரும்பிடுவான்டா."

அப்பியாவில் அந்த மறுவாழ்வு மருத்துவர் லிதாரா, தலைவரைக் கடக்கையில் அந்நாட்டு முறைப்படி உடல் வளைத்து மன்னிப்புக் கேட்டே கடந்தாள். மேசையில் ஒரு தம்ளரை வைத்தாள்.

"எடுத்துக் குடிங்க ஐயா."

அவர் விரல் அசையுமுன் ஒரு மருமகன் தம்ளரை அவர் வாயருகே கொண்டுபோனான். எழுந்திருக்கச் சொன்னாள், இருவரும் தூக்கி நிறுத்தினார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் நல்லா நிக்கிறீங்க, தெரியுது," என்றாள் லிதாரா. "நான் இவரைக் கேட்டேன்."

இருவரையும் வெளியே உட்காரவைத்து நெடுநேரம் சோதித்தாள். பிறகு செயுமாலோவிடம் பேசினாள்.

"காலுல பலம் இருக்கு, வேலைதான் இல்ல. பழைய நடை வராது. கை முழுசா வராது. நிக்கலாம். ஆனா தடுமாறும்போது பக்கத்துல நிக்கணுமே தவிர, யாரும் தூக்கக் கூடாது."

"தலைவர் தரையில கிடக்க, நாங்க வேடிக்கை பார்க்கிறதா?" என்றாள் சியெனி. "ஊர் காறித்துப்பும்."

"அதுக்கு என்கிட்ட மருந்து இல்லம்மா."

"என்கிட்ட இருக்கு," என்றார் செயுமாலோ. "நான் கேக்காம என்னைத் தூக்குறவங்க ஊருக்கு ஒரு பன்றி தரணும். பொண்டாட்டிக்கும் இதே சட்டம்."

ஊர் திரும்பியபின் முதற்பன்றியைச் சியெனியே இழந்தாள். அதன்பின் பயிற்சி நேரங்களில் அவள் கைகளைக் கட்டிக்கொண்டு அழுதாள், அருகில் நின்றாள், தொடவில்லை. லிதாரா தொலைபேசி வழியே பயிற்சிகளை மாற்றிமாற்றித் தந்தாள்.

மழைக்காலம் கழிந்து விருந்தினர் வந்தனர். செயுமாலோ கோலூன்றித் திடலுக்கு நடந்தார். ஈரப்புல்லில் கோல் வழுக்கிற்று. ஊரும் விருந்தினரும் பார்க்க விழுந்தார். மருமகன்கள் எழுந்தனர்.

"பன்றி," என்றார் அவர், தரையிலிருந்தபடியே. அமர்ந்துவிட்டனர்.

வைலி மட்டும் வந்து கை நீட்டினார். "போதும் அண்ணே. நான் பேசுறேன். வாங்க." குரலில் கேலி இல்லை, அன்பே இருந்தது.

"கையை எடு."

நீட்டிய கை எல்லோர் முன்னிலும் அந்தரத்தில் நின்றது. செயுமாலோ உருண்டு, முழங்காலூன்றி, கோலைப் பற்றி, விலங்குபோல் முனகி எழுந்தார். சேறு வழியும் முகத்தோடு விருந்தினரின் குலப்பெருமையை ஒன்றுவிடாமல் உரைத்தார். வைலி முடிவுவரை இருக்கவில்லை.

இழந்தவை இவை: இடக்கையின் பிடி. மீன்பிடிப் படகு, அதை விற்றாயிற்று. அவையில் சம்மணமிட்டு அமரும் ஆற்றல். சியெனியின் பன்றி. வைலியின் நட்பு.