ஓட்டை அப்படியே இருக்கட்டும்

வேற்றுக்கிரகவாசிகள் எதற்காகப் படையெடுத்து வருகிறார்கள் என்று கேட்டு டைரக்டர் என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். நான் வெறும் வசனகர்த்தா.

"தண்ணிக்கு வர்றாங்க சார்."

"யோவ், சம்பந்தமே இல்லாதவன் வந்து அடுத்தவன் வீட்டை இடிச்சா எவன்யா நம்புவான்?"

நாங்கள் உட்கார்ந்திருந்தது ஒரு தையல்காரம்மாவின் முன்னறை. அவர் கணவர் படுத்த படுக்கையாகக் கிடந்த பின்னறைச் சுவரை, விண்கலம் மோதும் காட்சிக்காக முந்தாநாள்தான் உடைத்திருந்தோம்.

அந்தம்மா கதவோரம் வந்து நின்றார். "சார், மழை உள்ள அடிக்குது. அவரு நனையறாரு. ஓட்டையில ஒரு தார்ப்பாயாவது கட்டிக்கவா?"

"அய்யோ, தொட்டுடாதம்மா! கன்டினியூட்டி போயிடும். க்ளைமாக்ஸ்லயும் அதே ஓட்டை தெரியணும்."

"அது எப்போ சார் எடுப்பீங்க?"

"ஹீரோ டேட் குடுக்கட்டும், பாக்கலாம்."

அந்தம்மா தலையாட்டிவிட்டு, மூலையில் இருந்த குடையை எடுத்துக்கொண்டு கணவரிடம் போனார்.

டைரக்டர் விட்ட இடத்திலிருந்து பிடித்தார். "சரி, வந்துட்டான்னே வச்சுக்குவோம். ஜனங்க சும்மா விடுவாங்களா? ஒருத்தனாவது கல்லெடுத்து அடிக்க மாட்டானா? அங்கதான்யா லாஜிக் உதைக்குது."

சொல்லிக்கொண்டே எழுந்துபோய், ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக் கையசைத்தார்.

நாங்கள் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம், மழையில் நனைந்தபடி நின்றிருந்த மொத்தத் தெருவும் விசிலடித்தது.