காய்ந்த செடிக்கு உடையவர்

இதில் ஒரு சொல் பொய்யானாலும், எழுதியவன் மாரியூர்க் கடல்தண்ணீரில் ஒரு குடம் குடிக்கச் சம்மதம். குடத்தையும் அவனே கொண்டுவருவான்.

இருளாயி நீட்டிய தண்ணீர்ச் சொம்பை நிலத்துக்காரர் குருநாதன் வாங்கவில்லை. வாங்காத கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். காரிலிருந்து பாட்டிலை எடுத்து வாய் கொப்பளித்து, அவள் அப்போதுதான் தெளித்துப் பெருக்கியிருந்த வாசலில் துப்பினார்.

"வறட்சி நிவாரணம் வருது. நாளைக்குப் பதினோரு மணிக்கு ஆபீசர் வயலுக்கு வந்து போட்டோ புடிக்கிறாரு. நீ அங்கன வந்து நிக்காத."

"மூணு ஏக்கரும் குத்தகைக்கு எடுத்து நான் போட்ட மொளகா அய்யா. அடங்கல்ல என் பேர எழுதச் சொல்லுங்க. அந்தக் காசு வந்தாத்தான் அடுத்த வெத வாங்க முடியும்."

எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று கிராம அலுவலகம் எழுதிவைக்கும் ஏட்டுக்கு அடங்கல் என்று பெயர்.

"ஒந் தெருக்காரி பேர எழுதுனா நாளைக்கு நெலமே எங்களுதும்பீக. அடங்கல்ல பேரு வேணும்னா மொதல்ல அடங்கி இருக்கணும்."

சொன்னதை அவரே ரசித்துச் சிரித்தார்.

குருநாதன் மதுரைக்குக் குடிபோய் இருபத்திரண்டு வருடம். மிளகாய்ச் செடியையும் கத்திரிச் செடியையும் பக்கத்தில் வைத்தால், காய் தொங்கினால்தான் எது எதுவென்று சொல்வார். அந்த வருட வெயிலோ, கமுதிப் பக்கம் காக்கைகள் பறப்பதை விட்டுவிட்டுக் கருவேல நிழலில் நடந்துபோன வெயில். ஓணான்கள் ஜோடி சேர்ந்து, ஒன்றின் நிழலில் மற்றது முறைவைத்து நின்றன. இருளாயி தலையில் சுமந்துவந்து ஊற்றிய தண்ணீர், பாதி வழியிலேயே மேலே திரும்பிப் போனது.

கார் போனதும் அவர் துப்பிய இடத்தில் ஒரு கூடைச் சாம்பலைக் கொட்டினாள். விடிந்ததும் வயலுக்குக் கிளம்பினாள்.

பதினோரு மணிக்குக் குருநாதன் வெள்ளைச் சட்டையும் திருநீறுமாக, துக்க வீட்டுக்குப் போகிற முகத்தோடு வயலின் நடுவில் போய் நின்றார். கிராமத் தலையாரியைக் கூட்டிவந்த ஆபீசர் போனைத் தூக்கினார். இறக்கினார்.

"செடி எங்க சார்?"

மூன்று ஏக்கரிலும் ஒரு குச்சி இல்லை. வரப்பில் கட்டுக் கட்டாக அடுக்கிய காய்ந்த செடிகளின்மேல் இருளாயி உட்கார்ந்திருந்தாள்.

"ஏ, என்ன செஞ்சு வச்சிருக்க?"

"நெலம் உங்களுது அய்யா, அதுல கை வைக்கல. செடி நான் வச்சது. அடுப்புக்கு ஆகும்."

"ஏலே தலையாரி, காசக் குடுத்து நாலு கட்டு வாங்கி ஊனுலே."

"விக்கிறதில்ல. பயிர் வச்சவ இருளாயின்னு எழுதுங்க. மூணு ஏக்கருக்கும் நானே ஊனித் தாரேன்."

குருநாதன் ஆபீசரைப் பார்த்தார். ஆபீசர் கருவேல மரத்தைப் பார்த்தார். வெயில் ஏறியது. பாட்டிலில் தண்ணீர் தீர்ந்தது.

"ஒரே ஒரு செடி குடு தாயி" என்றார் குருநாதன்.

அவள் தெருக்காரி ஒருத்தியைப் பார்த்து அவர் வாயிலிருந்து 'தாயி' என்ற சொல் வந்தது அதுவே முதல்முறை. இருளாயிக்கு நேற்றைய எச்சில்தான் ஞாபகம் வந்தது. கட்டுகளையெல்லாம் ஒரே சுமையாகத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அடுத்த மாதம் போட்டோ இல்லாமலே நிவாரணம் குருநாதன் கணக்கில் ஏறியது. அடங்கலில் அந்த வயலுக்கு நேரே, "குண்டு மிளகாய், முழுச் சேதம், பயிரிட்டவர் குருநாதன்" என்று இருக்கிறது. அந்தப் பதிவின் தேதி, இருளாயி விதை தூவிய நாளுக்கு மூன்று நாள் முந்தையது.