கிராணி வீட்டுத் தரை

ஜெய்னுலாப்தீன் தனக்குப் பிடித்த எதையும் பிடித்திருக்கிறது என்று சொல்லி வாங்கியவரில்லை. மலேசியாவில், கோலசிலாங்கூரில் துணிக்கடை. சரக்கு மனசுக்கு நிறைவாக இருந்தால் முகத்தைச் சுளிப்பார். வாங்கியே தீருவது என்று முடிவு செய்துவிட்டால் எழுந்து வெளியே நடப்பார். பெண் பார்க்கப் போன இடத்திலேயே தேத்தண்ணி ஆறிப்போச்சு என்று குறை சொன்னவர் என்று மனைவி அஜீஸா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

அந்த அஜீஸாவுக்கு இப்போது கண் தெரியாது. இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி ஒரு கண்ணை எடுத்துக்கொண்டு, கொஞ்ச காலம் பொறுத்து மற்றதையும் எடுத்துக்கொண்டது. ஆனால் அசாம் ஜாவாவில் இருக்கும் தங்கள் வீட்டுக்குள் அவர் நடப்பதைப் பார்த்தவர்கள் அதை நம்ப மாட்டார்கள். ரப்பர்த் தோட்டம் துண்டு துண்டாக விலை போனபோது ஜெய்னுலாப்தீன் வாங்கிப்போட்ட பழைய கிராணி வீடு அது, தோட்டத்துக் கணக்கப்பிள்ளை குடியிருந்தது. முழங்கால் உயரத் தூண்கள், மேலே பலகைத் தரை. கூடத்தில் ஒரு பலகை அமுங்கும், அடுத்தது முனகும். அறை முடிகிற இடத்தில் நிலைப்படி காலில் தட்டும். அடுப்படிப் பக்கம் தரை லேசாகச் சரியும். முனகினால் இடப்பக்கம் அலமாரி. சரிந்தால் அடுப்பு நெருங்குகிறது. இப்படிக் காலாலேயே பார்த்துப் பார்த்து அஜீஸா மீன் ஆணம் வைப்பார், துணி காயப்போடுவார், வாசலுக்கு வந்து காய்கறி லோரிக்காரனிடம் பேரம் பேசி அவனை அழவைப்பார்.

ரவாங்கில் இருக்கும் மகள் ரிஸ்வானாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை.

"அம்மா ஒருவாட்டி விழட்டும் அத்தா, அன்னைக்கே தூக்கிட்டுப் போயிருவேன்."

"அங்க வந்தா நான் மூட்டைடி," என்பார் அஜீஸா. "யாராவது எடுத்து வச்சாத்தான் உண்டு."

கரையான் கூரைச் சட்டங்களைத் தின்று முடித்த பிறகு வீட்டில் கை வைக்காமல் முடியாது என்றாயிற்று. மழை வந்தால் படுக்கையை இழுத்துக்கொண்டு இடம் தேட வேண்டியிருந்தது.

"கூரைய மாத்துங்க, சொவர மாத்துங்க," என்றார் அஜீஸா. "தரைய மட்டும் ஒருத்தனும் தொடக் கூடாது. வேல செய்ய வர்றவன்கிட்ட அத மொதல்லயே சொல்லிருங்க."

"மொதல்ல சொன்னா அதுக்குத் தனியா ஒரு வெல போடுவான். பழசு மேல நமக்கு ஆசைன்னு தெரிஞ்சா விடுவானா?"

"போட்டா குடுங்க."

"நீ சும்மா இரு. கடைசில, செருப்பப் போடுற நேரத்துல சொல்றேன். ஓசில முடிஞ்சிரும்."

வீட்டு வேலைகளை எடுத்துச் செய்யும் குத்தகைக்காரன் சிவநேசன் சுங்கை பஞ்சாங்கிலிருந்து வந்தான். சின்ன வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தீபாவளித் துணிக்கு இவர் கடைக்கு வந்தவன். ஜெய்னுலாப்தீன் அவனைக் கூட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார்.

"இது வீடா தம்பி? வெறகு. தரையப் பாரு, படகு மாதிரி ஆடுது."

"நல்ல மரம் பாய். இந்த மாதிரி இப்பக் கெடைக்காது லா."

"நல்ல மரத்தக் கரையான் ஏன் திங்குது?"

"ருசி தெரிஞ்சுதான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பேசினார்கள், முறைத்துக்கொண்டார்கள், ஒருமுறை சிவநேசன் லோரியில் ஏறி உட்கார்ந்துவிட்டு இறங்கி வந்தான். கடைசியில் ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டார்கள். ஜெய்னுலாப்தீன் செருப்பில் காலை நுழைத்தபடி, பாதி பேச்சு வாயிலும் பாதி காற்றிலுமாக, "அந்தத் தரைய ஒண்ணும் பண்ண வேணாம் தம்பி. இருக்கிறபடியே கெடக்கட்டும். உனக்கு எதுக்கு வீண் வேல," என்றார்.

சிவநேசன் அவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். "எனக்குத் தெரியாதா பாய்."

காரியம் முடிந்தது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வேலை முடியும்வரை என்று அஜீஸா ரவாங்கிற்குப் போனார். இவர் கடை மாடியில் படுத்துக்கொண்டார். வேலை நடக்கும் இடத்துக்குப் போகவில்லை. அடிக்கடி எட்டிப் பார்க்கிற ஆளின் ஆசை தெரிந்துவிடும், தெரிந்தால் கூடுதல் கேட்பான் என்பது அவருடைய கணக்கு. ஒருநாள் அந்தப் பக்கமாகப் போகையில் மணல் லோரி உள்ளே திரும்புவதைப் பார்த்தார். சுவருக்கு என்று எண்ணிக்கொண்டார்.

வேலை முடிந்து, ரிஸ்வானா காரில் இருவரையும் அழைத்து வந்த அன்று சிவநேசன் வாசலிலேயே நின்றான். உள்ளே தரை வெள்ளை வெளேரென்று ஒரே மட்டமாக, கல்யாண மண்டபம் போலப் பளபளத்தது.

"பலகை எங்க?" என்றார் ஜெய்னுலாப்தீன்.

"எல்லாம் பேத்தாச்சு பாய். மண்ணு ரொப்பி, சிமெண்டு போட்டு, டைல்ஸ். நெலப்படியும் இல்ல. அம்மாவுக்குக் கண்ணு தெரியாதுல்ல, கால் தடுக்கிரும். இதுக்கு நீங்க ஒண்ணும் தர வேணாம். நானே போட்டது."

"வேணாம்னு சொன்னேனேப்பா."

"நீங்க வேணாம்னா என்ன அர்த்தம்னு ஊருக்கே தெரியும் பாய். 'காசே வேணாம், சும்மா எடுத்துட்டுப் போங்க'ன்னு எங்கம்மாகிட்ட எத்தன தடவ சொல்லியிருக்கீங்க? ஒரு தடவையாச்சும் சும்மா விட்டீங்களா?"

அவன் பரிகாசமாகச் சொல்லவில்லை. பாசமாகத்தான் சொன்னான். வாழ்க்கையில் ஒரே ஒரு 'வேண்டாம்'தான் ஜெய்னுலாப்தீன் நிஜமாகச் சொல்லியிருந்தார். அதையும் கடைக் குரலில் சொல்லியிருந்தார்.

"அந்தப் பலகை..."

"கோலாலம்பூர்ல கோப்பிக் கடை போடுற பசங்க மேசைக்குன்னு ஏத்திட்டுப் போயிட்டாங்க. இந்நேரம் அறுத்திருப்பாங்க."

அஜீஸா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தார். ஒரு கணம் நின்றார். பிறகு நடந்தார். தரை ஒன்றும் சொல்லவில்லை. கை தானாக முன்னே நீண்டது. கூடத்தின் நடுவில் நின்றுவிட்டார்.

"என்னங்க, நான் எங்க நிக்கிறேன்?"

"கூடத்துல."

"கூடத்துல எங்க?"

ஜெய்னுலாப்தீன் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். "பாத்தீங்களாம்மா, எங்கேயும் தட்டல," என்றாள் ரிஸ்வானா, சந்தோஷமாக.

இரண்டு வாரம் அஜீஸா சுவரைத் தடவித் தடவி முயன்றார். அடுப்பை எதிர்பார்த்த இடத்தில் குளியலறைக் கதவு வந்தது. ஒருநாள் காலையில் சிந்திய தண்ணீரில் கால் வழுக்கி, அடுப்படியில் விழுந்து, எந்தப் பக்கம் எழுவது என்று தெரியாமல் கணவர் கடையிலிருந்து வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். எலும்பு முறியவில்லை. தன்னை அழைத்துப் போக வரும்படி மகளுக்குப் போன் போடச் சொன்னது அஜீஸாதான்.

"பழைய பலகை வாங்கிப் போட்டுறலாம்," என்றார் ஜெய்னுலாப்தீன், அஜீஸாவின் துணிகளை மடித்தபடி. "சபாக் பக்கம் ஒரு வீடு பிரிக்கிறாங்களாம். அதே மரம்."

"மரம் அதே மரமா இருக்கும். அது வேற யார் வீட்டுலயோ மொனகின பலகைங்க. எனக்கு மறுபடி படிக்கத் தெம்பு இல்ல."

அஜீஸா கணவரைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. மகள் கையைப் பிடித்துக் காரில் ஏற்றியபோது எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்கவில்லை.

ஜெய்னுலாப்தீன் கடை மாடியிலேயே தங்கிவிட்டார். வீட்டை வாடகைக்குக் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். கதவைத் திறந்ததும் முதலில் தரையைத்தான் பாராட்டுகிறார்கள்.