ஆடி மாத வைத்தியம்

வடக்குப்பட்டில் கிளியம்மாளைப் பற்றிப் பேச யாருக்கும் சலிக்காது. இளம்பிள்ளை வாதத்தில் வலது கால் சூம்பியவள், முழங்காலைக் கையால் அழுத்தி அழுத்தி நடப்பவள், பச்சையப்பனுக்கு வாக்கப்பட்டு நாலு வருஷமாகியும் வயிறு திறக்காதவள். பழியெல்லாம் அந்தக் கால் மேல்தான். காலுக்கும் கர்ப்பப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அந்த ஊரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மாமியார் தாயாரம்மாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, மகனுக்கு இரண்டாந்தாரம் பேசி முடித்துவிட்டாள். தை பிறந்ததும் வல்லக்கோட்டை முருகன் சன்னதியில் தாலி. கிளியம்மாள் கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு சலுகை வாங்கினாள். வாலாஜாபாத்துக்கு வந்திருக்கும் லேடி டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறேன், அந்தம்மா கைவிரித்தால் நானே அந்தப் பெண்ணை மணையில் உட்காரவைக்கிறேன் என்றாள். துணைக்குத் தன் அம்மா அம்சவல்லியை அழைத்துப்போனாள்.

டாக்டர் பரிசோதித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"லூப் எப்ப வெச்சுக்கிட்டே? கொழந்தை வேணும்னா அத மொதல்ல எடுக்கணுமே."

"லூப்புன்னா இன்னாம்மா?"

கரு தங்காமலிருக்கக் கர்ப்பப்பைக்குள் வைப்பது என்று டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் அம்சவல்லி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கிளியம்மாளுக்கு விளங்கிவிட்டது. தலை ஆடிக்குத் தாய்வீடு வந்தபோது, கால் நரம்புக்கு வைத்தியம் என்று சொல்லி அம்மா கூட்டிப்போய், குடும்பக் கட்டுப்பாடு முகாமில் திரைக்குப் பின்னால் படுக்கவைத்தாளே, அதுதான். கால் சரியாகப்போகிறது என்று இவளும் பல்லைக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுத்தாளே, பைத்தியக்காரி.

"உன் இடுப்பு தாங்காது, பிரசவத்துல பூடுவன்னு மருத்துவச்சி சொன்னாடி. நீ உசிரோட இருந்தா போதும்னு தான்..."

"என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே பயந்துகினு சரின்னு சொல்லியிருப்பேன். நீ கேக்கலியேம்மா."

பெற்றவள் மேல் அப்படியொரு ஆத்திரம் வந்தது. அவள் அழுவதைப் பார்க்கவும் பொறுக்கவில்லை. இடுப்பு நன்றாகத்தான் இருக்கிறது, தேவைப்பட்டால் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுக்கலாம் என்றார் டாக்டர். அந்த லூப்பை இப்போதே எடுத்துவிடச் சொல்லிக் கிளியம்மாள் மறுபடி படுத்துக்கொண்டாள்.

வீடு சேர்ந்ததும் மாமியாரிடமும் புருஷனிடமும் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஒரே ஒரு வருஷம் பொறுக்கச் சொல்லிக் கேட்டாள். பச்சையப்பன் முகம் தெளிந்தது. ஆனாலும் வழக்கம்போல அம்மாவின் வாயைத்தான் பார்த்தான்.

தாயாரம்மாள் கோபப்படவில்லை. கூடவே வந்திருந்த அம்சவல்லியிடம்தான் பேசினாள்.

"பெத்தவ நீங்களே உங்க பொண்ணால ஆவாதுன்னு முடிவு கட்டிட்டீங்க, சம்பந்தி. நாங்க மட்டும் இன்னா தைரியத்துல காத்துக்கினு கீறது?"

அம்மா ஒரு வார்த்தை சொல்வாள் என்று கிளியம்மாள் பார்த்தாள். அம்சவல்லி மகளுடைய இடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.