நாலாவது டேக்கும் புதினா மிட்டாயும்

தங்கை புருஷனைத் தெருவில் எல்லோரும் கண்டக்டர் என்றுதான் சொல்வார்கள். டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர் இல்லை. முப்பத்தாறு பேர் கொண்ட வாத்தியக் குழுவுக்கு முன்னால் நின்று குச்சி ஆட்டுகிறவர். ஆனால் அந்த அதட்டல் மட்டும் பேருந்தில் கேட்டதுதான். அக்காக்காரி அதே குழுவில் இருபத்தாறு வருஷமாக ஓபோ என்கிற மேல்நாட்டு ஊதுகுழல் ஊதுகிறாள். அவரைத் தங்கைக்குப் பார்த்து முடித்துவைத்ததும் அவளேதான். யாரை நொந்துகொள்வது?

அவளுக்குக் கீழ் முன்பல் இரண்டும் ஆட ஆரம்பித்திருந்தன. ஓபோவுக்குப் பல்தான் அஸ்திவாரம். உதட்டை அதன்மேல் மடித்துத்தான் ஊத வேண்டும். அடுத்த மாதம் பிடுங்கியாக வேண்டும் என்று டாக்டர் தேதி கொடுத்துவிட்டார். அங்கே சீட்டு எழுதுகிற பெண் இந்தத் தெருக்காரி என்பதால் பத்து வீட்டுக்கு விஷயம் தெரியும். தங்கை வீட்டுக்கு மட்டும் தெரியாது. அங்கே யாரும் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

அந்தச் சமயத்தில்தான் குழுவின் முதல் ஒலிப்பதிவு வந்தது. எண்பது பேர் வாசிப்பதற்கென்று எழுதிய சிம்பொனி. ஆளை உருக்கிக் கண்ணைப் பிழிகிற அந்தக் காலத்துச் சரக்கு. குறைந்த ஆட்களை வைத்து வாசித்தால் ஒவ்வொரு வாத்தியமும் துல்லியமாகக் கேட்கும் என்பது கண்டக்டரின் வாதம். இரண்டாம் பகுதியில் ஓபோ தனியாக ஒன்றரை நிமிஷம் அழும். அது மட்டும் சுத்தமாகப் பதிவாகிவிட்டால் போதும், பிறகு பல் போனால் போகட்டும் என்று அக்கா மனசுக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

துல்லியம் கண்டக்டரையும் விட்டுவைக்கவில்லை. குச்சி ஆட்டும்போது முனகுவது அவர் வழக்கம். தான் முனகுவது அவருக்கே தெரியாது. முதல் நாளே ஒலிப்பதிவாளர் கண்ணாடி அறையிலிருந்து ஒலிபெருக்கியில் கேட்டார்.

"சார், மாடு அசைபோடுற மாதிரி ஒண்ணு கேக்குது. மைக்ல கோளாறா, இல்ல நீங்களா?"

வயலின்காரர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். வழி கண்டுபிடித்தது அக்காதான். ஒரு டப்பா புதினா மிட்டாய் வாங்கி வந்து அவருடைய இசைக்குறிப்பு வைக்கும் தாங்கியில் வைத்தாள். "ஒவ்வொரு டேக்குக்கும் ஒண்ணு போட்டுக்குங்க மாப்பிள்ளை. கடிக்காம அடக்கிக்கணும்." வாயில் மிட்டாய் இருந்தவரை மனுஷன் சத்தம் காட்டவில்லை.

மூன்றாம் நாள் அவளுடைய பகுதி. முதல் மூன்று டேக்கில் நாற்காலி கிறீச்சிட்டது, யாரோ இருமினார்கள், செல்லோ முந்திக்கொண்டது. இடைவேளையில் தங்கை பிளாஸ்கோடு வந்தாள். டப்பாவைப் பார்த்தாள்.

"என்னங்க இது? சர்க்கரை முந்நூறுல நிக்குது, உங்களுக்கு மிட்டாய் கேக்குதா?"

"அக்கா குடுத்தது," என்றார் கண்டக்டர், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"நல்லா குடுத்தா." டப்பா அவள் கைப்பைக்குள் போய்விட்டது. அக்கா அப்போது வெளியே குழாயடியில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள்.

நாலாவது டேக். சிவப்பு விளக்கு எரிந்தது. இருபத்தாறு வருஷத்தில் அவள் அப்படி ஊதியதில்லை; மூச்சு தானாக வந்தது, பல் கூட அசையவில்லை. மூன்றாவது வரியில் அது கேட்டது. அவளுடைய ஸ்வரத்துக்குக் கொஞ்சம் கீழே, கொஞ்சம் சுருதி விலகி, முனகல். அவள் ஊதுவதை நிறுத்தவில்லை. இன்னொரு தரம் இது வராது என்று அவளுக்குத் தெரியும்.

மிட்டாயை மீட்டு ஐந்தாவது டேக் எடுத்தார்கள். அதில் உச்சத்தில் பல் ஆடி ஸ்வரம் உடைந்தது. நேரம் முடிந்தது.

"அஞ்சுல முனகல் இல்ல, ஸ்வரம் உடையுது," என்றார் ஒலிப்பதிவாளர். "நாலுல ஸ்வரம் முழுசா இருக்கு. முனகலும் முழுசா இருக்கு. வெட்டி ஒட்ட முடியாது, ஓபோவுக்கு அடியிலேயே ஓடுது."

"இன்னொரு நாள் வெச்சுக்கலாமா?" என்று அக்கா கேட்டாள்.

"எதுக்குக்கா?" என்றார் கண்டக்டர். "நாலுல ஒரு உயிர் இருக்கு. உங்களுக்காகத்தான் சொல்றேன்."

பல்லைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் முதலில் குழுவில் அவளுடைய நாற்காலிதான் போயிருக்கும்.

இசைத்தட்டு வெளிவந்தது. ஒரு பத்திரிகை அரைப் பக்கம் எழுதியது. இரண்டாம் பகுதியில் நடத்துநரின் ஆன்மாவே வாய்விட்டுப் பாடுகிறதாம். ஓபோவைப் பற்றி ஒரு வரி: "பின்னணியில் இதமாக ஒலிக்கிறது."

தங்கை அந்த அரைப் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். விருந்தாளிகள் வந்தால் இசைத்தட்டைப் போட்டு, முனகல் வரும் இடத்தில் சத்தத்தைக் கூட்டுவாள். "இதோ, இதோ, இவரு குரல். கேக்குதா?" கண்டக்டர் கண்ணை மூடி, இசைத்தட்டில் முனகுகிற தன்னோடு தானும் சேர்ந்து முனகுவார்.

போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். சோபா ஓரத்தில் அக்கா, கீழ்வரிசையில் ஓட்டையோடு, வாயை மூடியே உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது வரி வந்தபோது பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள்.

"ஒண்ணு போட்டுக்குங்க மாப்பிள்ளை."

"நீ சும்மா இரு அக்கா," என்றாள் தங்கை. "அவருக்குச் சர்க்கரை."