முந்நூற்று ஒன்பது இலக்கம்

அலுவலகத்தில் அவனுக்குத் 'துல்லியம்' என்று பட்டப்பெயர். டீக்குச் சர்க்கரையைக்கூட எண்ணிப் போடுகிறவன் என்று கேலி. பாவம், வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் அவன் சோம்பேறித்தனம் பண்ணினான். அதையும் உருப்படியாகப் பண்ணவில்லை.

நோயாளியின் நரம்புக்குள் மருந்தைச் சொட்டுச் சொட்டாக அனுப்பும் பம்புகளைச் செய்கிற கம்பெனி அது. வெளியாள் யாரும் தூரத்தில் உட்கார்ந்து பம்பை ஆட்டிவைக்காதபடி ஒவ்வொன்றுக்கும் எண்ணால் ஒரு பூட்டுப் போடுவது அவன் வேலை. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கினால் பூட்டு தயார். அதை ஊரே பார்க்கலாம். ஆனால் உள்ளே ஒளிந்திருக்கும் இரண்டையும் பிரித்தெடுக்க ஏழு ஜென்மம் போதாது. அந்தத் தைரியத்தில்தான் நேற்று ஆபரேஷன் முடிந்த அக்காவை, தங்கள் பம்பு இருக்கிற ஆஸ்பத்திரியாகப் பார்த்துச் சேர்த்திருந்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நாலாயிரம் பம்புக்கு அவசர ஆர்டர். ஒவ்வொன்றுக்கும் இரண்டு புதிய பகா எண்கள் வேண்டும். அவனுடைய ஓட்டை மெஷினோ ஒன்றைப் பிடிப்பதற்குள் கொட்டாவி விட்டது. மேனேஜர் தலைமேல் நின்றார். ஏற்கெனவே பிடித்த ஒன்று கையிலிருந்தது. முந்நூற்று ஒன்பது இலக்கம். ஒன்பதில் ஆரம்பித்து ஏழில் முடியும், லட்சணமான எண். 'இதை அப்படியே வெச்சுக்கிட்டு இன்னொண்ணை மட்டும் மாத்தினா போச்சு' என்று நாலாயிரத்துக்கும் அதையே போட்டான்.

இன்று காலை பதினோரு மணிக்கு ஒரு மெயில் வந்தது. வணக்கம் இல்லை, கையெழுத்து இல்லை. ஒரு எண் மட்டும். ஒன்பதில் ஆரம்பித்தது. ஏழில் முடிந்தது.

அப்போதுதான் உறைத்தது. ஒரு பூட்டை உடைக்க முடியாதுதான். இரண்டு பூட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ரெண்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று பார்த்தால்? மீப்பெரு பொது வகுத்தி. பள்ளிக்கூடத்துக் கணக்கு. டீ ஆறுவதற்குள் போட்டுவிடலாம்.

உடனே அக்காவை ஃபோனில் கூப்பிட்டான்.

"அக்கா, பம்புல மருந்து எவ்வளவு போகுதுன்னு என்ன நம்பர் தெரியுது?"

"உடம்பு எப்படி இருக்குன்னு கேக்க மாட்டே, பம்பைக் குசலம் விசாரிக்கிறே. அதுக்குப் பொண்ணு பாக்கப் போறியாடா?"

"சொல்லுக்கா!"

"ரெண்டு. இரு... மூணுன்னு காட்டுது."

"பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"ஒருத்தருமில்ல. இப்ப அஞ்சு. தானாவே மாறுதுடா."

"நர்ஸைக் கூப்பிடு. கத்துக்கா!"

அக்கா கத்தினாள். ஃபோன் கை மாறியது.

"யார் சார் நீங்க? டாக்டர் சொல்லாம நான் எதையும் தொட மாட்டேன்."

"அந்த பம்புக்குப் பூட்டுப் போட்டவன் சிஸ்டர். தப்பாப் போட்டுட்டேன். தப்பு என்னோடதுதான். ட்யூபைக் கழட்டுங்க, கெஞ்சிக் கேக்கறேன்."

ஒரு கிளிப் மூடும் சத்தம்.

"கழட்டியாச்சு." நர்ஸின் குரல் தணிந்தது. "இந்த வார்டுல இன்னும் பதினொண்ணு இருக்கே சார். அதெல்லாம்?"

"எல்லாமே நான் போட்டதுதான்."

செருப்புகள் ஓடின. எங்கேயோ ஒரு பம்பு கூவியது, இன்னொன்று சேர்ந்துகொண்டது.

"டேய்," என்றாள் அக்கா, மெதுவாக. "எல்லாரும் ஏன்டா ஓடறாங்க?"

ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே அவன் மேனேஜர் அறைக் கதவைத் தள்ளினான். அங்கே மேஜைமேல் இருந்த மூன்று ஃபோன்களும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தன.