வீரையா மகன் யோகராஜ்

கத்தி மழுங்கல். இரண்டாவது கயிறு அறுபட மறுத்தது. தமயந்தி முக்காலியின் மேல் எக்கி நின்று, கயிற்றைக் கையில் சுற்றி ஒரே இழுவையாக இழுத்தாள். மின்கம்பத்து முடிச்சு கழன்று, பத்தடி வெள்ளைப் பதாகை அப்படியே அவள் தலைமேல் விழுந்தது.

“பாத்து புள்ள, பாத்து.” கடைக்குள்ளிருந்து ஓடிவந்தார் சாஹுல் ஹமீது நானா. புசல்லாவையைத் தாண்டி, தோட்டத்துப் பாதை பிரிகிற முடக்கில் தேநீர்க்கடை வைத்திருப்பவர்.

பதாகையில் தம்பியின் படம். கறுப்புக் கண்ணாடி, முள்ளுமுள்ளாக நிறுத்திய முடி, கையில் இரண்டு டிரம் குச்சிகள். கீழே சிங்களத்தில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி. ‘லாஸ்ட் பஸ்’ குழுவின் ஜோ டயஸ் காலமானார். தமிழில் ஓர் எழுத்து இல்லை.

“மாமா வாடகைக்குப் புடிச்சி வந்த பஸ் எத்தன மணிக்குங்க நானா வந்துச்சு?”

“பத்தர ஈக்கும். ஒரு பெரியவர் எறங்கி இத நிமுந்து பாத்தாரு. டிரைவர் வாசிச்சுக் காட்டினான். ‘யாரோ டயஸாம், வேதக்காரங்க ஊடு, நம்ம எடம் இன்னும் மேல’ண்டு ஏறிட்டாங்க. நான் அடுப்படியில நிண்டேன். வெளிய வாறதுக்குள்ள பஸ் போய்ட்டு.”

தமயந்திக்குத் தன்மேலும் கோபம் வந்தது. மாமா இருக்கிற ஹேவாஹெட்டவுக்குத் தகவல் சொன்னவள் அவள்தான். முடக்கில் பேர் போட்ட பேனர் இருக்கும், பேரைப் பார்த்து இறங்கச் சொல்லுங்கள் என்று தோட்டத்துக் கந்தோருக்குப் போன் எடுத்துச் சொன்னாள். மாமாவுக்கு இந்த இடம் தெரியாது. தம்பி யோகராஜைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போன பிறகுதான், பழைய தோட்டத்தில் பேச்சுத் தாங்காமல், அம்மாவும் அவளும் இங்கே வந்திருந்தார்கள். பிலிமத்தலாவையில் அவள் வேலை செய்கிற இரும்புக்கடை முதலாளி பேனர் அடித்துத் தருவதாகச் சொன்னார். வேண்டாம், நாங்கள் செய்கிறோம் என்றார்கள் பாட்டுக்காரர்கள். அவளும் சரி என்றுவிட்டாள்.

தாய்மாமன் வந்து கோடித் துணி போர்த்தாமல் பெட்டியை மூட முடியாது. மூன்று மணிக்கு எடுப்பதாக இருந்தது. இப்போது ஒன்றரை. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு நின்றது.

“ரம்பொடையில ஜமால்தீன் கடைக்கு கோல் எடுத்துச் சொல்லியாச்சி,” என்றார் சாஹுல் ஹமீது. “பஸ்ஸ மறிச்சுத் திருப்பி அனுப்புவான். நீங்க போங்க. யோகராஜ் ஊடு எதுண்டு கேட்டு ஆரும் வந்தா நான் ஈக்கிறேன்.”

தோட்டத்து லயத்தில், அவர்கள் வீட்டு வாசலில் தகரப் பந்தல் போட்டிருந்தது. பெட்டியின் தலைமாட்டில் அம்மா பாலம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நான்கைந்து பெண்கள்.

“ரோட்டுல தொங்குனது நம்ம யோகன்தானா?” என்றாள் ஒருத்தி. “கொழுந்து எடுக்கப் போறப்ப பாத்தேன். யாரோ சினிமாக்காரன் செத்துட்டான்னுல்ல நெனச்சேன்.”

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அம்மா சிரிக்கவில்லை. பெட்டிக்குள் இருந்தவனுக்கு முடி இல்லை. ஆஸ்பத்திரியில் ஒட்ட வெட்டியிருந்தார்கள்.

தமயந்தி பதாகையைச் சுருட்டிக் கோழிக்கூட்டின் மேல் போட்டாள்.

லாஸ்ட் பஸ் என்ற பெயரே அவனால் வந்தது. அப்போது மூன்று பேர். டிலான் பாடுவான். ஜவாஹிர் கிட்டார். கண்டியில் ஜவாஹிரின் வாப்பா தளபாடக்கடை வைத்திருந்தார். மேல்மாடியில், அலுமாரிகளுக்கு நடுவே பழகினார்கள். ஏழே காலுக்குப் பழைய தோட்டத்துக்குக் கடைசி பஸ். எந்தப் பாட்டின் நடுவிலும் யோகராஜ் குச்சியைப் போட்டுவிட்டு ஓடுவான். மற்ற இருவரும் அலுமாரிக் கதவுகளைத் தட்டி மீதியை முடிப்பார்கள்.

முதலில் பாடசாலைக் களியாட்டங்கள். பிறகு கட்டுகஸ்தோட்டையில் ஒரு கலியாணம். மூன்றாவது பாட்டோடு மாப்பிள்ளையின் தகப்பன் வயரைப் பிடுங்கிவிட்டார். பிறகு வாவிக்கரை ஹோட்டல், சனிக்கிழமைகளில். வேகமான சின்னப் பாட்டுகள். காதலில் தோற்றவன் அழாமல் துள்ளிக்கொண்டு கத்துகிற பாட்டுகள். சமாதானம் வந்தது, பாதைகள் திறந்தன, பொடியன்களுக்குத் துள்ள ஆசை வந்தது. இரண்டு வருடத்தில் கொழும்பில் திறந்தவெளி மேடை. வானொலியில் நாளுக்கு ஆறு தரம்.

முதல் இறுவட்டின் உறையில்தான் ஜோ டயஸ் பிறந்தான். முகாமையாளரின் யோசனை. யோகராஜ் அதைக் கொண்டுவந்து காட்டிச் சிரித்தான். “மேடையில மட்டுந்தாங்க்கா. வீட்டுக்கு வந்தா யோகன்தானே.”

மறுபடி சண்டை தொடங்கியது. போன வருடம் கண்டி வீதியில் ஒரு சோதனைச் சாவடியில் அவனை இறக்கினார்கள். பையில் இரண்டு அட்டைகள். அடையாள அட்டையில் வீரையா யோகராஜ். கச்சேரி அனுமதி அட்டையில், அதே முகத்துக்கு, ஜோ டயஸ். ஒருவனுக்கு எதற்கு இரண்டு பெயர்? அந்தக் கேள்விக்கு அந்த வருடத்தில் ஒரு பதில்தான் இருந்தது.

குழுவின் கந்தோருக்குப் பொலிஸார் போன் எடுத்தார்கள். யோகராஜ் என்று எங்களிடம் யாரும் இல்லை என்று பதில் வந்தது. அதை ஓர் அதிகாரி தமயந்திக்கு முன்னால் கொப்பியைப் பார்த்து வாசித்தார். பேசியவரின் பெயரும் கொப்பியில் இருந்தது.

நாற்பத்து மூன்று நாள் ஈரச் சீமெந்துத் தரை. ஒருநாள் வாசலில் நின்ற கொஸ்தாப்பலின் வானொலியில் அவர்களுடைய பாட்டு வந்ததாம். கொஸ்தாப்பல் மேசையில் தாளம் போட்டானாம். “அந்த டிரம் நான் அடிச்சது சேர்,” என்று சொன்னேன் என்றான் யோகராஜ். பிறகு என்ன நடந்தது என்று சொல்லவில்லை. அந்த நாற்பத்து மூன்று நாளில் லாஸ்ட் பஸ் நான்கு கச்சேரி செய்தது, வாடகை டிரம்காரனோடு.

குற்றம் ஒன்றும் இல்லை என்று விட்டார்கள். இருமல் மட்டும் விடவில்லை.

இரண்டு மணிக்கு வான் வந்தது. பக்கவாட்டில் பெரிய எழுத்தில் குழுவின் பெயர். டிலான், ஜவாஹிர், முகாமையாளர், தொலைக்காட்சிக்காரர் இரண்டு பேர். லயத்துப் பிள்ளைகள் டிலானைப் பார்த்ததும் ஓடிப்போய்ச் சூழ்ந்தார்கள். அவன் பழக்கத்தில் கையை அசைத்துவிட்டு, செத்தவீடு என்பது நினைவு வந்து கையை இறக்கினான்.

ஜவாஹிர் தனியாக வந்தான். “அக்கா, நேரத்தோட வரேலாம போய்ட்டு.”

“போன எடுத்துப் பேசுனது நீங்கதானே?”

அவனுக்கு எந்தப் போன் என்று விளங்கியது.

“அந்த நேரம் பயம் அக்கா. எங்கட வீட்டயும் ரெண்டு தரம் செக் பண்ணின. நான் யோகனத் தெரியும்டு செல்லி ஈந்தா…”

“சொல்லியிருந்தா?”

பந்தல் தகரத்தில் முதல் துளிகள் விழுந்தன.

“சொல்லுங்க. சொல்லியிருந்தா என்னா ஆயிருக்கும்? ஒங்க வாப்பா போட்ட சோத்துல வளந்தவன்னு யோகனே சொல்லுவானே. என்னா ஆயிருக்கும்?”

“தமயந்தி,” என்றாள் அம்மா பெட்டியைப் பார்த்தபடி. “சத்தம் போடாத. அவனுக்குக் கேக்கும்.”

ஜவாஹிர் முகத்தைத் துடைத்தான். “வார சனிக்கெழம ஷோவில அவனுக்கு ஒரு நிமிஷம் மௌனம் வெக்கப் போறோம். அஞ்சாயிரம் பேர் எழும்பி நிப்பாங்க அக்கா.”

“நாப்பத்தி மூணு நாளு மௌனமாத்தானே இருந்தீங்க. இன்னும் ஒரு நிமிஷம் எதுக்கு?”

அதற்குள் ஒலிவாங்கியோடு ஒருவன் பக்கத்தில் வந்துவிட்டான். நல்ல பண்பான சிங்களத்தில் கேட்டான். ஜோவின் அக்காதானே? ஜோவைப் பற்றி, அவருடைய சின்ன வயதைப் பற்றி, ரசிகர்களுக்காக இரண்டு வார்த்தை. கமராவில் சிவப்புப் புள்ளி எரிந்தது.

தமயந்தி பதினொரு வருடம் கடையில் ஆணியும் தகரமும் விற்ற சிங்களத்தில் பதில் சொன்னாள்.

“ஜோ டயஸ் என்று எங்களிடம் யாரும் இல்லை.”

ஜவாஹிர் தலை குனிந்தான். டிலானுக்கும் அந்த வசனம் தெரிந்திருந்தது. பிள்ளைகளிடமிருந்து திரும்பிப் பார்த்தான்.

“செத்தது வீரையா மகன் யோகராஜ். பொலிஸ் பிடித்து வைத்திருந்து அனுப்பிய யோகராஜ். அந்தப் பெயரை டீவியில் சொல்வதென்றால் எடுங்கள். எவ்வளவு நேரமென்றாலும் நான் பேசுகிறேன்.”

ஒலிவாங்கிக்காரன் முகாமையாளரைப் பார்த்தான். முகாமையாளர் டிலானைப் பார்த்தார். டிலான் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினான். அக்கா கோபப்படுவது சரிதான், நூறு வீதம் சரி. ஆனால் நிலைமை தெரியும்தானே. புதுப் பாட்டு இப்போதுதான் வெளிவந்திருக்கிறது. இந்த நேரத்தில் அந்தப் பெயர்…

“என்ன பெயர்?” என்றாள் தமயந்தி. “சொல்லுங்கள். ஏழு வருடம் உங்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அடித்தவன். ஒரு தரம் முழுதாகச் சொல்லுங்கள்.”

டிலான் வாயைத் திறந்தான். கமரா ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

கமராக்காரன் சிவப்புப் புள்ளியை அணைத்தான். மழை வலுக்கப்போகிறது, கண்ணாடி நனையும் என்று யாருக்கோ சொன்னான். முகாமையாளர் மலர்வளையத்தைப் பந்தல்காலில் சாய்த்து வைத்தார். அதிலும் ஜோதான். தமயந்தி அதைத் தூக்கி அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டார். வான் பின்னுக்கு எடுத்துத் திரும்பியபோது ஜவாஹிர் அதில் ஏறவில்லை.

மூன்றரைக்கு ஹேவாஹெட்ட பஸ் வந்தது. மாமா கறுப்பையா நனைந்த வேட்டியோடு படியேறி வந்தவர், அழுவதற்கு முன்னால் ஏசினார்.

“பேரப் பாத்து எறங்குங்கன்னு சொன்னியேம்மா! ரம்பொட வரைக்கும் போனோம். அங்க ஆர்மிக்காரன் மறிச்சு, யாரு வீட்டுச் சாவுன்னு கேக்குறான். தங்கச்சி மகன்னு சொன்னேன். பேரு என்னான்னான். சொன்னேன். அப்புடி ஒரு பேனரும் ரோட்ல இல்லியேங்கிறான். பஸ்ஸோட எல்லாரையும் நிப்பாட்டி வச்சிட்டான். அந்தக் கடக்கார நானா வந்து பேசலேன்னா இன்னும் அங்கதான் நிக்கணும்.”

“மன்னிச்சிருங்க மாமா.”

“நீ எதுக்கு மன்னிப்புக் கேக்குற?” என்று அதற்கும் ஏசினார்.

பிறகு பொட்டலத்தைப் பிரித்தார். புது வேட்டியை உதறி, பெட்டிக்குள் கழுத்துவரை போர்த்தி, மடிப்பைச் சரிசெய்தார். குனிந்து காதருகில், “யோகராசு, மாமா வந்திருக்கேன்டா,” என்றார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. அம்மாவுக்கும்.

தேயிலை மலைக்கு மேலே புதைகாடு. மழை விடவில்லை. பெட்டி வழுக்கிவிடாமல் ஆறு பேர் மாறி மாறித் தூக்கினார்கள். ஜவாஹிர் தோள்கொடுக்க வந்தான். யாரும் இடம் விடவுமில்லை, தடுக்கவுமில்லை. கடைசி ஆளாக, சப்பாத்துக் கால் சேற்றில் புதையப் புதைய நடந்து வந்தான்.

குழியில் இறக்கியதும் மாமா முதலில் மூன்று பிடி போட்டார். பிறகு உறவுக்காரர்கள். பிறகு லயத்து ஆட்கள். தமயந்தி போட்டுவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தாள்.

குழியின் மறுபக்கத்தில் ஜவாஹிர் குனிந்து ஒரு பிடி மண் எடுத்தான். போடவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் மண்வெட்டிக்காரர்களிடம் மூடச் சொன்னாள்.

அவன் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. மழையில் மண் கரைந்து விரலிடுக்கால் வழிந்தது. கடைசியில் உள்ளங்கையில் சின்னக் கல் ஒன்று மட்டும் மிஞ்சியது.